ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆட்டம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பிக்கும் கல்லூரியிலே பதின்மூன்று வயதிற்குட்பட்டோர் கிரிக்கெற் அணிக்குப் பொறுப்பாசிரியனாகக் கடமையாற்றினேன். முதலாந் தவணை முழுவதும் சனிக்கிழமைகளில் ஆட்டங்கள் நடந்தன. அணியிலே பதினான்கு பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லோருக்கும் முன்னதாக வந்து சேர்வான். அவனுடைய சப்பாத்துக்கு அன்று காலையிலேதான் வெள்ளை பூசப்பட்டிருக்கும். வந்ததும் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்புவான். காற்காப்புகளை ஒழுங்காக அடுக்குவான். பின்னர் மரநிழலில் அமர்ந்து ஓட்டக் கணக்கு எழுதுவான். தவணை முடிந்தது. ஏழு ஆட்டங்களில் ஐந்தை நாங்கள் வென்றிருந்தோம். அணியினர் புகைப்படம் எடுத்த அன்று அப்பிள்ளையின் தகப்பனார் சைக்கிளை வேலியிற் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மாஸ்ரர், இவன் ஒருநாளாவது இறங்கி ஆடினவனோ?" என்று கேட்டார். அக்கேள்வியிலே கோபம் இருக்கவில்லை; அறியவேண்டுமென்ற விருப்பம் மாத்திரமே இருந்தது. "அடுத்த வருஷம் பாப்பம், ஐயா" என்றேன். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை அணிக்கு வரவில்லை.

அத்தகப்பனாரின் கேள்வி நெடுநாள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதற்கு விடை போன்றதொன்றை நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலே கண்டேன். அமெரிக்க நாட்டுச் சிறுவர்கள் ஆடும் பேஸ்போல் விளையாட்டின் விதிநூலே அது. 'லிற்றில் லீக்' என்னும் பெயரால் உலகறிந்த அச்சிறுவர் சங்கங்கள் தங்கள் இளவேனிற் பருவத்தை எவ்வாறு ஒழுங்கு செய்கின்றன என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்துகொள்வது பயனுடையதாகும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றி ஈண்டு விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. நம் நாட்டு எல்லே ஆட்டத்தைக் கண்டவர்க்கு அதன் போக்கு எளிதில் விளங்கும். ஒருபுறத்தில் ஒன்பது பேர். எறியப்படும் பந்தை உருண்டையான தடியால் அடித்துவிட்டு, சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். ஒரு கட்சியில் மூவர் ஆட்டமிழந்ததும் மறு கட்சி அடிக்க வரும். பெரியவர்கள் ஒன்பது இன்னிங்ஸ் ஆடுவர். பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் ஆறு இன்னிங்ஸுடன் நிறுத்திக்கொள்வர்.

சிறுவருக்கேற்ற மைதானம்

பென்சில்வேனியா மாநிலத்திலே, சஸ்குவெஹான்னா ஆற்றங்கரையில், வில்லியம்ஸ்போட் என்றொரு நகரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மரவியாபாரத்தினாற் செழித்த ஊர் அது. அவ்வூரில் வாழ்ந்த கார்ள் ஸ்ரொட்ஸ் என்பவர் பெருஞ் செல்வருமல்லர். பேர்பெற்ற விளையாட்டு வீரருமல்லர். 1938ஆம் ஆண்டிலே தம் உறவினரான சிறுவர் இருவருடன் வீட்டு முற்றத்திற் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பெரியவர்களுக்கு இருப்பது போலச் சிறுவர்க்கும் ஓர் ஒழுங்கான சங்கம் இருந்தால் என்ன? அவர்களுக்கும் சீருடை, புதிய பந்து, அவர்கள் கைக்கு அடங்கிய தடி, நடுநிலையான மத்தியஸ்தர் எல்லாம் இருந்தால் என்ன?

எண்ணம் எளிது, அளவுதான் கடினம். பெரியவர்களின் மைதானத்திலே ஒரு தளத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் ஓடி முடிப்பதற்குள் பந்து வந்து சேர்ந்துவிடும். ஆகவே ஸ்ரொட்ஸ் அயலிலுள்ள சிறுவர்களை அழைத்து, தளங்களைக் கூட்டியும் குறைத்தும் வைத்து, ஓடச்சொல்லிப் பார்த்தார். ஓடுகிறவனுக்கும் பந்தெறிகிறவனுக்கும் சமமான வாய்ப்புக் கிடைக்கும் தூரம் எதுவென்று தேடினார். இறுதியில் நிலைத்தது 60 அடி. பெரியவர் அளவில் மூன்றில் இரண்டு பங்கு. பெரியவர்களின் விளையாட்டுக்குள் பிள்ளைகளைத் திணிக்காமல், பிள்ளைகளின் கால்களுக்கேற்ப விளையாட்டை வெட்டித் தைத்தார் என்று சொல்லலாம். இன்றும் அச்சங்கங்களின் சிறுவர் மைதானங்களிலே தளங்களின் இடைத்தூரம் 60 அடிதான்.

அடுத்த தொல்லை பணம். சீருடை வாங்குவதற்கு உபகாரிகளைத் தேடிக் கடைகடையாக ஏறி இறங்கினார். ஐம்பத்தாறு இடங்களில் இல்லையென்ற விடை கிடைத்ததாம். அதற்குப் பின்னரே லைக்கோமிங் டெயரி என்னும் பால் நிறுவனம் இசைந்தது. தொடர்ந்து லண்டி லம்பர் என்னும் மரக்கம்பனியும் ஜம்போ பிறெற்சல் என்னும் தின்பண்டக் கம்பனியும் உதவ முன்வந்தன. இம்மூன்றின் பெயர்களே மூன்று அணிகளின் பெயர்களாயின. 1939ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி முதலாவது ஆட்டம் நடைபெற்றது. லண்டி லம்பர் அணி 23 ஓட்டங்களும் லைக்கோமிங் டெயரி அணி 8 ஓட்டங்களும் பெற்றன. மூன்று அணிகளுடன் தொடங்கிய அம்முயற்சி இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலே பரவியிருக்கின்றது.

பனிக்காலத்தில் தொடங்கும் வேலை

ஏப்பிரல் மாதத்திலே பந்தாட்டம் தொடங்கவேண்டுமாயின் பனி கொட்டும் நாட்களிலேயே வேலை தொடங்கிவிடவேண்டும். ஒவ்வோர் ஊர்ச் சங்கத்துக்கும் அங்கத்தவர்களால் ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்படும் நிருவாக சபை ஒன்றுண்டு. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகியோருடன் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவரும், பிள்ளைகளின் நலன் பேணும் முகவர் ஒருவரும் இருப்பர். இவர்களில் எவருக்கும் சம்பளமில்லை. பகலிலே வேறு தொழில் செய்பவர்கள் இரவிற் கூடி இதனைச் செய்கின்றனர். சபை ஆண்டுதோறும் தலைமை நிலையத்திடமிருந்து அனுமதிப் பத்திரம் புதுப்பித்துக்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு சங்கத்துக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் வசிக்கும் பிள்ளையோ, அங்குள்ள பாடசாலையிற் படிக்கும் பிள்ளையோதான் அச்சங்கத்திற் சேரலாம். நல்ல ஆட்டக்காரரை வெளியூர்களிலிருந்து பொறுக்கியெடுத்துவந்து வெற்றிபெறும் ஆசைக்கு இடப்பட்ட முதல் வேலி இது. கோவில் வீதியிலும் சந்தையிலும் நாளாந்தம் சந்திக்கும் பிள்ளைகள் ஒன்றாக ஆடவேண்டும் என்று நாம் நினைப்பதுபோலவே அவர்களும் நினைத்திருக்கின்றனர்.

பதிவு பெரும்பாலும் பனிக்காலத்திலே நடைபெறும். பெற்றோர் பிறப்புச் சான்றிதழையும் வதிவிட அத்தாட்சியையும் கொண்டுவருவர். பிள்ளையின் வயதை ஓகஸ்ட் மாத இறுதியை எல்லையாக வைத்துக் கணிப்பர். நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பந்தை எவரும் எறிவதில்லை. இடுப்பளவு உயரமான ஒரு கம்பத்தின்மேல் அசையாமல் வைத்து அடிக்கச் சொல்வர். அதற்கு மேல் இளநிலைப் பிரிவு. அதற்கும் மேலே பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கு முதுநிலைப் பிரிவு. சங்கங்கள் கட்டணம் அறவிடுவதுண்டு. ஆயினும் கட்டணம் செலுத்த இயலாத காரணத்தினால் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது என்பது விதி. குறைநிற்கும் பணத்தை ஊர்க்கடைக்காரரின் நன்கொடையாலும், மைதானத்துச் சிற்றுண்டிச்சாலையின் வருமானத்தாலும் சபையினர் ஈடுசெய்துகொள்வர்.

பெற்றோர் கவனிக்கவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பிள்ளைகளோடு பழகவரும் ஒவ்வொரு தொண்டரும், அவர் பயிற்றுநராயினும் மத்தியஸ்தராயினும், தம்மைப் பற்றிய விபரங்களை எழுதிக் கொடுத்து, முன்னர் குற்றம் ஏதும் புரிந்தவரல்லர் என்ற பரிசோதனைக்கு உட்படவேண்டும். 2003ஆம் ஆண்டு தொடக்கம் இது கட்டாயமாக்கப்பட்டிருக்கின்றது. பிள்ளைகளிடம் அன்புடையவர் எனத் தம்மைக் கூறிக்கொள்பவர் எல்லோரையும் அப்படியே நம்பிவிடுதல் கூடாதென்பதை உலகம் வருந்தியே கற்றிருக்கின்றது.

அணி பிரித்தல்

மாசி, பங்குனி அளவிலே பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துத் திறமை பார்ப்பர். குளிர் கடுமையான ஊர்களில் பாடசாலை உடற்பயிற்சி மண்டபமே மைதானமாகிவிடும். பிள்ளைகள் இலக்கமிட்ட கடதாசியை முதுகிற் குத்திக்கொண்டு வரிசையாக வந்து ஓடுவர், எறிவர், பிடிப்பர், அடிப்பர். அணிகளின் முகாமையாளர் ஒரு மூலையிலிருந்து புள்ளியிடுவர். இவர்களும் சம்பளமற்ற தொண்டர்களே. பெரும்பாலும் அங்கு ஆடும் பிள்ளைகளின் தகப்பன்மாரும் தாய்மாருமாக இருப்பர்.

பின்னர் ஒருநாள் இரவு முகாமையாளர் கூடி அணி தெரிவர். முதலாவதாகத் தெரிவுசெய்பவர் யாரென்பதை முறைப்படி தீர்மானித்து, ஒவ்வொருவராக ஒவ்வொரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவர். பல சங்கங்களில் அடுத்த சுற்று வரும்போது வரிசை தலைகீழாக மாறும். முதற் சுற்றிற் கடைசியாகத் தெரிந்தவர் இரண்டாஞ் சுற்றில் முதலாவதாகத் தெரிவார். திறமையுள்ள பிள்ளைகள் ஓரணியிலே குவிந்துவிடாமற் பரவுவதற்கு இது வழி. முகாமையாளர் தம் சொந்தப் பிள்ளையைத் தம் அணிக்கு எடுக்கலாம்; ஆனால் எந்தச் சுற்றுக்கு முன்னர் எடுக்கவேண்டும் என்பதற்கும் விதி வகுத்திருக்கின்றனர். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளையின் தகப்பன், "என் மகன்தானே, கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒளித்துவைக்க முடியாது.

இத்தெரிவை நடத்துபவர் முன்னர் குறிப்பிட்ட பிள்ளைகளின் முகவர். அவர் தாம் பொறுப்பு வகிக்கும் பிரிவிலே எந்த அணிக்கும் முகாமையாளராக இருக்கலாகாது. எந்தப் பிள்ளை எத்தனையாவதாகத் தெரியப்பட்டது என்ற விபரத்தை வெளியிடாமல் அந்த அறைக்குள்ளேயே விட்டுவிடுவதும் பல சங்கங்களின் வழக்கம். கடைசிப் பெயராக வாசிக்கப்பட்ட பிள்ளை அதனை அறியவேண்டியதில்லை. நமது பாடசாலைகளில் அறிவித்தற் பலகையிலே பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டு, கூட்டத்தின் பின்னால் நின்று எட்டிப்பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாராமலே போய்விடும் ஆசிரியன்மாருக்கு (என்னையுஞ் சேர்த்துத்தான்) இது நல்லதொரு பாடம்.

ஆறு ஆட்டமிழப்பும் ஒரு துடுப்பாட்டமும்

இனி, என்னைத் தடுத்து நிறுத்திய விதிக்கு வருகின்றேன். அணியிலே பெயர் பதிந்த ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வோர் ஆட்டத்திலும், எதிரணியில் ஆறு பேர் ஆட்டமிழக்கும் வரையிலாவது மைதானத்தில் நின்று பந்து தடுக்கவேண்டும். ஒரு முறையாவது தடி பிடித்து அடிக்க இறங்கவேண்டும். இது முகாமையாளரின் தயவைப் பொறுத்ததன்று, கட்டாயம். மழையினாலோ வேறு காரணத்தாலோ ஆட்டம் இடையில் நின்றுபோனாலன்றி இதற்கு விலக்கில்லை. தவறினால், அந்தப் பிள்ளை அடுத்த ஆட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இறங்கித் தான் இழந்த பங்கையும் அன்றைய பங்கையும் ஆடவேண்டும். முகாமையாளருக்கு முதன்முறை எழுத்தில் எச்சரிக்கை. இரண்டாம் முறை ஓர் ஆட்டத்திலிருந்து விலக்கு. மூன்றாம் முறை அப்பருவம் முழுவதுக்கும் விலக்கு.

கவனியுங்கள். தண்டனை பிள்ளைக்கன்று, பெரியவருக்கு. வெற்றி தோல்விகளின் பரபரப்பிலே பெரியவர்களின் நெஞ்சு எவ்விதம் மாறும் என்பதை நன்கறிந்த ஒருவர்தாம் இவ்விதியை எழுதியிருத்தல் வேண்டும். ஐந்து ஆட்டங்களை வென்ற என் அணியை நான் நினைத்துப் பார்த்தேன். அந்த விதியின்படி நான் மூன்றாவது சனிக்கிழமையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பேன்.

இதனையொத்த இன்னொரு கட்டுப்பாடு பந்தெறிவோர் பற்றியது. பேஸ்போலிலே பந்தெறிபவனே ஆட்டத்தின் நாயகன். நன்றாக எறியும் ஒரு சிறுவன் கிடைத்துவிட்டால் அவனையே நாள்தோறும் எறியச் சொல்லும் ஆசை எழும். வளரும் பிள்ளையின் முழங்கையும் தோளும் அதனைத் தாங்கமாட்டா. முற்காலத்தில் எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்றே கட்டுப்படுத்தினர். ஆனால் ஒரே இன்னிங்ஸிலே பத்துப் பந்தும் எறியலாம்; நாற்பது பந்தும் எறியலாம். ஆகவே 2007ஆம் ஆண்டிலிருந்து பந்துகளையே எண்ணத் தொடங்கினர். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 பந்துகள். ஒன்பது, பத்து வயதுக்கு 75. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு 85. ஒரு நாளில் 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தவன் நான்கு நாட்கள் இளைப்பாறிய பின்னரே மீண்டும் எறியலாம். 20க்கு மேற்படாதவனுக்கு இளைப்பாறல் வேண்டியதில்லை. ஆட்டம் எத்துணை நெருக்கடியில் இருந்தாலும், எல்லை வந்துவிட்டால், எதிரே நிற்கும் துடுப்பாளனுக்கு எறிந்து முடித்ததும் பந்தை மற்றொருவனிடம் கொடுத்துவிடவேண்டும்.

இன்னும் சில. தடி பிடிப்பவரும் ஓடுபவரும் இரு காதுகளையும் மூடும் தலைக்கவசம் அணியவேண்டும். அக்கவசத்தை உருவாக்கியவர் அச்சங்கத்தின் ஆராய்ச்சித் துறையிற் கடமையாற்றிய கிறைற்றன் ஹேல் என்னும் அறிஞர். சிறு வயதுப் பிரிவுகளில் அடுத்த தளத்தை நோக்கித் தலையை முன்னே நீட்டிச் சறுக்கிப் பாயலாகாது. இடிமுழக்கம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடங்கள் சென்ற பின்னரே மீண்டும் தொடங்கலாம். ஓரணி மிக முன்னேறிவிட்டால் அத்துடன் ஆட்டத்தை முடித்துவிடுவர். தோற்கும் பிள்ளைகளை மேலும் அவமானப்படுத்துவதில்லை.

ஊர் கூடும் நாள்

ஏப்பிரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே பருவம் தொடங்கும். அதற்கு முன்னைய வாரங்களிலே பெற்றோர் மண்வாரிகளுடன் வந்து, பனியினால் இறுகிய மண்ணைக் கிளறிச் சமப்படுத்துவர், வேலியைத் திருத்துவர், வெள்ளைக் கோடு இழுப்பர். தொடக்க நாளன்று எல்லா அணிகளும் சீருடையணிந்து வீதிவழியே ஊர்வலமாக வருவது பல ஊர்களில் வழக்கம். முன்னால் தீயணைக்கும் வண்டி போகும். பின்னால், தொப்பி கண்ணை மறைக்க, ஐந்து வயதுக் குழந்தைகள் நடப்பர். மைதானத்தை அடைந்ததும் உறுதிமொழி கூறி, நாட்டுக் கீதம் இசைத்து, முதற் பந்தை எறிவர். அன்று முழுவதும் சிற்றுண்டிச்சாலையிலே தாய்மாரும் தகப்பன்மாரும் முறைபோட்டு நிற்பர். நம்மூர்த் திருவிழாவிலே உபயகாரர் தத்தம் நாளைப் பொறுப்பெடுப்பது போன்ற ஏற்பாடு அது.

பருவத்திலே ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 12 ஆட்டங்கள் இருக்கவேண்டும் என்பது விதி. வேலைநாட்களில் மாலையிலும், சனிக்கிழமைகளில் காலை முதலும் ஆட்டங்கள் நடைபெறும். யூன் மாத நடுப்பகுதியுடன் ஊர்ப் பருவம் நிறைவுறும். அதன் பின்னரே சிறந்த ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்த அணிகள் மாவட்டம், மாநிலம், பிராந்தியம் எனப் படிப்படியாக ஏறி, ஓகஸ்ட் மாதத்திலே தெற்கு வில்லியம்ஸ்போட்டில் நடைபெறும் உலகப் போட்டியை அடைகின்றன. 1947ஆம் ஆண்டிலே வில்லியம்ஸ்போட்டில் அப்போட்டி முதன்முதலாக நடந்தது. இன்று தொலைக்காட்சியிலே உலகம் காண்பது இதைத்தான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் பருவம் யூன் மாதத்துடனேயே முடிந்துவிடுகின்றது. அவர்களுக்காகவே மேலே சொன்ன விதிகளெல்லாம்.

விதியே சுவரான கதை

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு இச்சங்கத்தார் குறையற்றவர்கள் என எண்ணிவிடலாகாது. பிள்ளைகளை உள்ளே கொண்டுவர எழுதிய விதிநூலே பிள்ளைகளை வெளியே நிறுத்திய காலமும் உண்டு.

1955ஆம் ஆண்டிலே தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்ரன் நகரில், கனன் வீதி வை.எம்.சி.ஏ. நிலையத்தைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவர் சங்கத்திலிருந்து ஓரணி போட்டிக்குப் பெயர் கொடுத்தது. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுடன் ஆட விரும்பாமல் அந்நகரத்து வெள்ளையர் அணிகள் விலகிக்கொண்டன. மாநிலப் போட்டியிலே வெள்ளையர் அணிகள் 61உம் விலகின. ஆட எவருமில்லாமையால் அப்பிள்ளைகளே மாநில வெற்றியாளர் ஆயினர். ஆனால் அடுத்த கட்டத்துக்குப் போகமுடியவில்லை. ஆடிப் பெறாத வெற்றியினால் மேலே செல்லலாகாது என்று விதி கூறிற்று. விலகியவர்களின் குற்றத்துக்கு விலகாதவர்கள் தண்டனை பெற்றனர்.

தலைமை நிலையத்தார் அவர்களை வில்லியம்ஸ்போட்டுக்கு விருந்தினராக அழைத்தனர். பிள்ளைகள் பஸ்வண்டியில் நெடுந்தூரம் பயணஞ் செய்து வந்தனர். மைதானத்தில் இறங்கிச் சிறிது நேரம் பந்தெறிந்து பிடித்துப் பயிற்சி செய்ய அனுமதி கிடைத்தது. பின்னர் ஆசனங்களில் அமர்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கவேண்டியதாயிற்று. அப்பொழுது கூட்டத்திலிருந்து, "அவர்களை ஆட விடுங்கள்" என்ற குரல் எழுந்தது. அக்குரலை அப்பிள்ளைகள் முதியவர்களான பின்னரும் மறக்கவில்லை. 2002ஆம் ஆண்டிலே, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்னர், அவர்களை மீண்டும் அழைத்து, 1955ஆம் ஆண்டு மாநில வெற்றியாளர் என்னும் பதாகையை வழங்கினர். பன்னிரண்டு வயதிலே ஆடவேண்டிய ஆட்டத்தை அறுபதை அண்மிய வயதில் எவராலும் கொடுக்கமுடியாது. பதாகையை மாத்திரமே கொடுக்கலாம்.

பெண்பிள்ளைகளின் கதையும் இத்தகையதே. 1951ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கு இடமில்லையென்று விதி இருந்தது. 1972ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்து ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி மூன்று ஆட்டங்களிற் பந்தெறிந்தாள். அவளை நிறுத்தாவிட்டால் ஊர்ச் சங்கத்தின் அனுமதிப் பத்திரம் பறிபோகும் என்று தலைமை நிலையம் அறிவித்தது. அவள் நின்றுகொண்டாள். ஆனால் பெண்கள் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 1973ஆம் ஆண்டிலே வழக்கை விசாரித்த சில்வியா பிறெஸ்லர் அம்மையார் சிறுமியர் பக்கம் தீர்ப்பளித்தார். 1974ஆம் ஆண்டிலே விதி மாறியது. அப்போது மரியாவுக்கு வயது கடந்துவிட்டது. அவள் திறந்த கதவினால் மற்றவர்கள் நுழைந்தனர். 2014ஆம் ஆண்டு உலகப் போட்டியிலே பிலடெல்பியா நகரத்து மோனே டேவிஸ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி, எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் ஓர் ஆட்டம் முழுவதும் பந்தெறிந்து வென்றதை உலகமே கண்டது. உடற்குறையோ உளவளர்ச்சிக் குறையோ உடைய பிள்ளைகளுக்கென 1989ஆம் ஆண்டிலே தனிப் பிரிவு ஒன்றும் அமைத்தனர். அதிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு துணைவன் நின்று, வேண்டும்போது கைகொடுப்பான்.

சங்கத்தைத் தொடங்கிய ஸ்ரொட்ஸ் அவர்களும் 1955ஆம் ஆண்டிலேயே தலைமை நிலையத்துடன் முரண்பட்டு, வழக்காடி, விலகினார் என்பதும் சிந்திக்கத்தக்கது. ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது நாடளாவிய பெருங் காட்சியாக மாறுவது அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. 1992ஆம் ஆண்டு அவர் காலமாகும்வரை அப்பிளவு முற்றாக நீங்கவில்லை.

இக்கதைகள் எனக்குக் காட்டுவது இதுவே. பிள்ளைகளின் விளையாட்டை ஒழுங்கு செய்தல் என்பது அணி பிரிப்பதும் அட்டவணை போடுவதும் மாத்திரமன்று. பெரியவர்களின் ஆசைக்கும் அகந்தைக்கும் வெறுப்புக்கும் முன்கூட்டியே வேலி போடுதலே அது. வேலியை எங்கே போடுகிறோம் என்பதை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். நாம் போட்ட வேலிக்கு வெளியே ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கக்கூடும்.

நிற்க. இவ்வாண்டு முதலாந் தவணையில் அதே பொறுப்பு மீண்டும் என்னிடம் வந்தது. கிரிக்கெற்றிலே பதினொருவர்தாம் ஆடலாம். போட்டி விதியை நான் மாற்றமுடியாது. ஆயினும் சினேகபூர்வ ஆட்டங்களில் அயற் கல்லூரி ஆசிரியருடன் பேசி, இரு பக்கத்துப் பிள்ளைகளும் எல்லோரும் துடுப்பெடுத்தாடவேண்டும், எல்லோரும் ஓர் ஓவராவது பந்துவீசவேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அந்த நிபந்தனையை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என்னை நானே நம்பவில்லை. இம்முறை நாங்கள் வென்றதிலும் தோற்றதே அதிகம். கடைசி ஆட்டத்தன்று, கடைசியாக இறங்கிய சிறு பையன் ஒருவன் மூன்று ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்து வந்தான். வந்தவன் காற்காப்பைக்கூடக் கழற்றாமல் கணக்குப் புத்தகத்தின் அருகே குனிந்து, "சேர், என்ரை மூண்டும் எழுதியாச்சோ?" என்று கேட்டான்.

எழுதியிருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன்.